ஈரத் தேயிலைக்கு எவ்வளவு கழிப்பது? அறநெறிகளைத் தராசில் வைத்துப் பார்க்கும் முறை

மழைக்காலத்தில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் பச்சைத் தேயிலை வாங்குபவருக்குத் தினமும் வரும் கேள்வி இது. இலையோடு வரும் தண்ணீருக்குக் காசு கொடுக்க முடியாது, கழித்துத்தான் ஆக வேண்டும். எவ்வளவு என்பதில்தான் சிக்கல்.

முதலில் அளந்துவிடுங்கள். மூட்டையின் மேல், நடு, அடி என மூன்று இடத்திலிருந்தும் எடுத்து 1 கிலோ சேருங்கள். காய்ந்த துணியில் பரப்பி, இலை நசுங்காமல் ஒற்றியெடுத்து மறுபடி நிறுங்கள். 940 கிராம் நின்றால் தண்ணீர் 6 சதவீதம். மேலாக மட்டும் அள்ளினால் கணக்கு தப்பும், ஈரம் அடியில் இறங்கியிருக்கும்.

நீங்கள் கழிப்பது 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 500 கிலோ வரத்துக்குக் கழிவு 50 கிலோ, உண்மைத் தண்ணீர் 30. மீதி 20 கிலோ சும்மா வந்த இலை. கிலோ 20 ரூபாய் என்றாலும் நாளுக்கு 400 ரூபாய்.

இந்த 400 ரூபாயை முதலில் ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் காண்டிடம் கொடுங்கள். 1785-இல் அவர் கேட்டது: உன் விதியை எல்லோருக்குமான விதியாக்க முடியுமா? ‘தண்ணீருக்கு 6, எங்களுக்கு 4’ என்று ரசீதில் அச்சடித்துப் பாருங்கள். அச்சடிக்கக் கை வரவில்லையென்றால் விடை கிடைத்துவிட்டது. இங்கே பலரும் சறுக்குவது, ‘நியாயமாகக் கழிப்பேன்’ என்று எண்ணே இல்லாமல் விதி எழுதுவதில். அப்படி எழுதினால் எதுவும் தேறும்.

ஆங்கிலேயச் சிந்தனையாளர்கள் பெந்தாம், மில் வழியிலான பயன் கணக்கு, அதாவது எதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து அதிக நன்மை என்று பார்ப்பது, அடுத்ததாகத்தான் வர வேண்டும். அதையே முதலில் எடுத்தால், ‘பேக்டரி ஓடினால்தானே எல்லோருக்கும் பிழைப்பு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். யார் யாருக்கு என்ன ஆகும் என்று பட்டியல் எழுதுங்கள்: விவசாயி, கொழுந்து பறிப்பவர், ஏஜென்ட், பேக்டரி, டீ குடிப்பவர். எல்லோருக்கும் ஒரே கழிவு என்றால் உலர்த்திக் கொண்டுவருபவருக்கு நஷ்டம், நனைத்துக் கொண்டுவருபவருக்கு லாபம். போகப்போக எல்லா மூட்டையும் சொட்டச் சொட்டத்தான் வரும். இலை வாட நேரமும் எரிபொருளும் கூடும், தூளின் தரம் இறங்கும்.

அமெரிக்கத் தத்துவஞானி ஜான் ரால்ஸின் (1971) கேள்வி சுருக்கமானது: தராசின் எந்தப் பக்கம் நிற்கப்போகிறோம் என்று தெரியாமலிருந்தால் எந்தக் கழிவுக்குச் சம்மதிப்பீர்கள்?

விதியைப் பார்ப்பது, விளைவைப் பார்ப்பது என இரண்டு போக்கும் குறளிலும் உண்டு. நன்மையே தந்தாலும் நடுநிலை தவறிய ஆக்கத்தை அன்றே விடச் சொல்கிறது 113. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது 292. வியாபாரத்தில் 292-ஐத்தான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வார்கள், ‘குற்றமற்ற’ என்ற நிபந்தனையை மட்டும் விட்டுவிட்டு.

முடிவைச் செயலாக்கும்போது: சோதனையை விற்பவர் கண்முன் செய்யுங்கள். ரசீதில் மொத்த எடை, ஈரச் சதவீதம், நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். கூட்டம் அதிகமான நாளில் ஒவ்வொரு மூட்டையையும் சோதிக்க முடியாது. உலர்ந்தது, நனைந்தது, சொட்டுவது என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குமான கழிவை அன்று காலையே அளந்து பலகையில் எழுதுங்கள். பேக்டரியே ஏஜென்டிடம் 10 பிடிக்கிறது என்றால் அந்த வித்தியாசத்தை விவசாயியின் ஈரக் கழிவில் ஒளிக்காதீர்கள். கமிஷன் என்று தனி வரியில் போட்டுக் கேளுங்கள். தர மறுத்தால் அது பேரம், பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.