கொள்ளி வைக்கப் போகிறவருக்கு

எங்கள் தெருவில் சாவு விழுந்தால், பந்தல்காரருக்கு அடுத்த போன் எனக்குத்தான் வரும். உறையூரில் முப்பது வருஷம் தபால் கொடுத்தவன். எந்த வீட்டில் யார் யாருக்கு என்ன முறை என்பது தெரியும். அப்படித்தான் இந்த வேலையும் என் தலையில் விழுந்தது. போனில் பேசுவது பெரும்பாலும் மூத்த பையனாக இருப்பான். "மாமா, நான் என்ன செய்யணும்?" என்பான்.

1998 மே மாதம் அப்பா போனபோது நானும் இதையே சித்தப்பாவிடம் கேட்டேன். "சொல்றதைச் செய், போதும்" என்றார். செய்தேன். எதை எதற்குச் செய்கிறேன் என்று ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு சாவு வீடாகப் போய் நிற்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகிறவனுக்குக் கை நடுக்கம் குறைவதையும் பார்த்திருக்கிறேன். ஊருக்கு ஊர், குலத்துக்குக் குலம் முறை மாறும். நான் சொல்வது குளித்தலை, திருச்சிப் பக்கத்துச் சைவக் குடும்பங்களில் பார்த்தது.

முதலில் காகிதத்தை முடித்துவிடுங்கள். வீட்டில் உயிர் போயிருந்தால் டாக்டரை வரவழைத்து, என்ன காரணம் என்று எழுதி வாங்குங்கள். அதையும் ஆதார் நகலையும் ஒரு மருமகன் சட்டைப்பையில் வையுங்கள். கொள்ளி வைப்பவரிடம் கொடுத்தால் வேட்டி மாற்றும்போது தொலைந்துவிடும். 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். இறந்தவருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் எரிப்பதற்கு முன்னால் எடுத்தாக வேண்டும், சூட்டில் வெடிக்கும். அழுகைக்கு நடுவே இது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை, அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். சமஸ்கிருதத்தில் இந்தச் சடங்குக்கு அந்தியேஷ்டி என்று பேர். கடைசி வேள்வி என்று அர்த்தம். கல்யாண ஹோமத்தில் நெய்யும் பொரியும் இடுகிறோம், இங்கே உடம்பையே இடுகிறோம். ரிக்வேதத்தின் பத்தாவது மண்டலத்தில் அக்னியிடம் ஒரு வேண்டுதல் இருக்கிறது. இவரை ஒரேயடியாகக் கரித்துவிடாதே, பக்குவமாக்கி முன்னோரிடம் அனுப்பிவை, கண் சூரியனுக்குப் போகட்டும், மூச்சு காற்றுக்குப் போகட்டும் என்று. முதல்முறை கேட்டபோது, துக்க வீடு என்பதையும் மறந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, நம்ம டிபார்ட்மெண்ட் வேலை! வாங்கியதைத் தான் வைத்துக்கொள்ளாமல் உரிய விலாசத்தில் சேர்ப்பது.

தமிழில் ஈமக்கடன் என்கிறோம். கடன் என்றால் கடமை என்பார்கள் படித்தவர்கள். எனக்கு வாங்கிய கடன் என்ற பொருளே பிடித்திருக்கிறது. மண், நீர், தீ, காற்று, வெளி என்று ஐந்து இடத்தில் கைமாற்றாக வாங்கியதுதான் உடம்பு. திருப்பிக் கொடுக்கிற நாள் இது. கொடுப்பது உங்கள் கை, அவ்வளவுதான்.

வீட்டில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலையைத் தெற்கே வைத்துப் படுக்க வைப்பார்கள், அது எமன் திசை. நீர்மாலை என்று குடத்தில் நீர் எடுத்து வந்து குளிப்பாட்டுவது, வேள்வியில் இடும் பொருள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக. சம்பந்தி வீடுகளிலிருந்து கோடித்துணி வரும். யார் கோடி முதலில் என்று தகராறும் வரும், அதை மாமன்மார் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் தலையிடாதீர்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பது தாத்தாவுக்கு வழி காட்ட. சின்னப் பிள்ளைகள் கையில் எரிகிற பந்தம், சுற்றிலும் பாலியஸ்டர் சேலை. பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும்.

வாய்க்கரிசி மட்டும் அவசரப்படாமல் போடுங்கள். வாழ்நாளெல்லாம் அவர் உங்களுக்குப் போட்ட சோற்றுக்கு, நீங்கள் அவருக்கு ஊட்டுகிற ஒரு வாய் அது. கூட்டத்தில் தள்ளுவார்கள். தள்ளட்டும்.

வீட்டிலிருந்து நெருப்பு எடுத்துக்கொண்டு போகிற கொள்ளிச்சட்டி உங்கள் கையில் இருக்கும். உறியில் தொங்கும். வேட்டியில் படாமல் தள்ளிப் பிடியுங்கள். அந்த வீட்டில் அவருக்குச் சோறு பொங்கிய நெருப்புதான் கடைசியிலும் அவரைத் தொட வேண்டும் என்பது கணக்கு. இப்போது கேஸ் அடுப்பு, அதனால் வாசலில் வரட்டியைக் கற்பூரத்தால் பற்றவைத்துக்கொள்கிறோம். பரவாயில்லை, வாசலும் வீடுதான்.

மயானத்துக்குள் நுழையும் இடத்தில் அரிச்சந்திரன் கல் இருக்கும். அங்கே பாடையை இறக்கி, திசை மாற்றித் தூக்குவார்கள். வீட்டோடு இருந்த தொடர்பு அங்கே முடிகிறது. பெற்ற மகன் லோகிதாசனின் உடலை மனைவி சந்திரமதி தூக்கி வந்தபோதும், எசமானுக்குச் சேர வேண்டிய கூலியைக் கேட்டவன் சுடலை காத்த அரிச்சந்திரன். அவன் பார்த்த வேலையைத்தான் உள்ளே நிற்கிறவரும் பார்க்கிறார். அவரை "ஏய்" என்று கூப்பிடுவதைக் கேட்டால் எனக்கு உடம்பு எரியும். அண்ணே என்று கூப்பிடுங்கள். பேசிய பணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

எங்கள் ஊரில் அப்பாவுக்கு விறகும் வரட்டியும் அடுக்கி, மேலே வைக்கோலைப் பரப்பி, ஆற்றோரத்துச் சேற்றைக் குழைத்துப் பூசினார்கள். அங்கங்கே காற்றுக்குத் துளை விட்டார்கள். முகம் மட்டும் கடைசி வரை தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அது வெறும் சேறு. பல வருஷம் கழித்து இன்னொருவர் சிதையருகே நிற்கும்போதுதான் உறைத்தது: பூச்சு மண், பானையில் நீர், சட்டியில் தீ, துளையில் காற்று, மேலே திறந்த வானம். கடன் கொடுத்த ஐந்து பேரும் வந்து நிற்கிறார்கள்.

இப்போது பானை. இதைத்தான் எல்லாப் பையன்களுக்கும் ரெண்டு தடவை சொல்வேன். புதுப்பானையில் தண்ணீர் நிறைத்து உங்கள் இடது தோளில் வைப்பார்கள். கழுத்தை இறுக்கிப் பிடியுங்கள், ஈரப்பானை வழுக்கும். இன்னொரு கையில் கொள்ளி. சிதையை இடமாகச் சுற்ற வேண்டும், கோயிலைச் சுற்றுவதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வருகிறவர் அரிவாள் நுனியால் பானையில் ஒரு கொத்து கொத்துவார். சத்தம் சரியாகக் காதுக்குள் விழும். முதல் கொத்தில் நான் பதறிப் பானையைச் சாய்த்துவிட்டேன். தண்ணீர் முன்பக்கம் கொட்டி, கையிலிருந்த கொள்ளி சொய்யென்று அணைந்துபோனது.

சித்தப்பா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அபசகுனம் என்று யாரோ முனகினார்கள். மயானத்துப் பெரியவர்தான் என் கையிலிருந்த கட்டையை வாங்கி, சட்டியில் நுழைத்து ஊதிப் பற்றவைத்துத் திரும்பக் கொடுத்தார். "தீ சட்டியில இருக்குது தம்பி, எங்கயும் போயிடல. நீ சுத்து" என்றார்.

மூன்று கொத்தும் ஆணவம், கன்மம், மாயை என்கிற மூன்று மலத்தை, அதாவது உயிரைப் பிடித்த மூன்று அழுக்கை, உடைப்பது என்று சடங்கு செய்த பண்டாரம் பிறகு சொன்னார். பானை உடம்பு, ஒழுகுகிற நீர் உயிர் என்பார்கள் வேறு சிலர். இரண்டும் சரியாக இருக்கலாம். எனக்குத் தெரிந்தது தோள்தான். முதல் சுற்றில் அழுத்திய பானை மூன்றாவது சுற்றில் ஒன்றுமே இல்லாததுபோல் ஆகிவிடும். முதுகில் ஜில்லென்று இறங்கிய தண்ணீர் இடுப்பு வேட்டியில் நிற்கும். பிறகு, திரும்பாமல் பானையை அப்படியே பின்னால் விட்டுவிட வேண்டும். அது உடைகிற சத்தம் கேட்கும்வரை நீங்கள் மகன். கேட்டபிறகு அந்தக் குடும்பத்துக்கு நீங்கள்தான் பெரியவர்.

கொள்ளியையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையைப் பின்னால் நீட்டித்தான் வைப்பது. தலைமாட்டிலா கால்மாட்டிலா என்பதை வீட்டிலேயே கேட்டு வந்துவிடுங்கள், அங்கே நின்று நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். அம்மாவுக்கு வைக்கிறவர்கள் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். பட்டினத்தாருக்கே அப்படித்தான். பச்சை வாழைமட்டையை அடுக்கிப் பாட்டாலேயே தீ மூட்டினார் என்பது கதை. "அன்னை இட்ட தீ அடிவயிற்றிலே, யானும் இட்ட தீ மூள்க மூள்கவே." அவள் எனக்காக வயிற்றில் தாங்கிய நெருப்புக்கு இந்த நெருப்பு பதில் என்கிறார். வாய்விட்டு அழுதுகொண்டே வையுங்கள், தப்பில்லை.

வைத்தபிறகு திரும்பிப் பார்க்காமல் நடங்கள். நாம் பார்த்தால் அந்த உயிரும் நம்மைப் பார்க்கும், கிளம்பாது என்பது நம்பிக்கை. சாவு வீட்டில் "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல் எழுந்து போகிறோமே, அதுவும் அந்த வகைதான். தெரியாமல் திரும்பிவிட்டால்? ஒன்றும் ஆகாது. நான் திரும்பினேன். புகைதான் தெரிந்தது.

அப்புறம் குளியல். "சூரையங் காட்டிடைக் கொண்டுபோய்ச் சுட்டிட்டு, நீரினில் மூழ்கி நினைப்பொழிந்தார்களே" என்று திருமூலர் சொன்னதை எல்லோரும் வசையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மறந்துவிட்டார்களே பாவிகள் என்று. முழு உடம்பும் நடுங்கத் தலை முழுகி எழுந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு முழுக்கு நேரமாவது நினைப்பு ஒழிவது பெரிய உதவி.

எரிவாயு மேடையில் வைப்பவர்களுக்கு: அர்த்தம் எதுவும் குறைவதில்லை, நேரம்தான் குறைகிறது. பானைச் சுற்றை முன் மண்டபத்திலேயே முடித்துக்கொள்ளலாம். கொள்ளிக்குப் பதில் நெஞ்சின்மேல் கற்பூரம் ஏற்றச் சொல்வார்கள். ஒரு ஊரில் "அடுத்த கேஸ் வெயிட்டிங்" என்று தட்டை உள்ளே தள்ளிவிட்டார்கள், பையன் தீக்குச்சியோடு நின்றான். அதிலிருந்து நான் வாசலிலேயே "ரெண்டு நிமிஷம் வேணும்ணே" என்று சொல்லிவைத்துவிடுகிறேன். யாரும் மறுத்ததில்லை. சாம்பல் வாங்கும்போது சீட்டு எண்ணைச் சரிபாருங்கள்.

பெண் கொள்ளி வைக்கலாமா என்று கேட்டால், வைக்கலாம். எங்கள் தெருவில் ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் சின்ன மகள் வைத்தாள். முணுமுணுத்த பெரியவர்கள் பதினாறாம் நாள் விருந்துக்கு முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லோரையும் எரிப்பதும் இல்லை. பச்சைக் குழந்தையைப் புதைக்கிறோம், பற்று வளராத உடம்பு என்பதால். துறவியைச் சமாதி வைக்கிறோம், பற்றை உயிரோடு இருக்கும்போதே எரித்தவர் என்பதால். புதைப்பதே முறையாக உள்ள குலங்களும் தமிழ்நாட்டில் நிறைய. சுடுவோர், இடுவோர், தாழியிற் கவிப்போர் என்று மணிமேகலையே வரிசையாகச் சொல்கிறது. அதனால் உங்கள் வீட்டு முறை புதைப்பது என்றால் அதில் குறை எதுவும் இல்லை.

மறுநாளோ மூன்றாம் நாளோ காடாற்று. பாலும் இளநீரும் தெளித்துச் சூட்டை அடக்குவார்கள். மேலே ஆறியிருக்கும், கையை விட்டால் அடியில் வெதுவெதுப்பு. எலும்பைக் காலிலிருந்து தொடங்கித் தலைவரை பொறுக்க வேண்டும். பயமாக இருக்கும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அப்பாவின் இடது கால் பக்கம், சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளையாக ஒரு துண்டு. பொங்கல் நேரத்தில் தபால் மூட்டை தூக்கியவன் நான், ஆனால் இவ்வளவு லேசான ஒன்றைக் கையில் எடுத்ததில்லை. விரலெல்லாம் சாம்பல். "காடுடைய சுடலைப்பொடி பூசி" என்று சம்பந்தர் பாடியதைச் சின்ன வயசிலிருந்து தினமும் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பொடி எதுவென்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அஸ்திக் கலயத்தின் வாயை வெள்ளைத்துணியால் கட்டி, வீட்டுக்குள் கொண்டு போகாமல் வெளியே மரத்தில் தொங்கவிடுவது வழக்கம். அன்றே கரைக்க முடிந்தால் நல்லது. மேட்டூர் அணை திறக்காத மே மாதம் என்பதால் எங்களுக்குக் காவிரியில் மணல்தான் இருந்தது. கலயத்தைக் கையில் ஏந்தி அரை மணி நேரம் மணலில் நடந்து, நடுவில் ஓடிய வாய்க்கால் அளவு தண்ணீரில் கரைத்தோம். நீங்கள் கிளம்புவதற்கு முன் ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் போகிறவர்கள் விடிகாலையே போய்விடுங்கள், அமாவாசையன்று கால் வைக்க இடமிருக்காது. முழங்கால் ஆழம் போதும். தண்ணீர் போகிற திசையைப் பார்த்து நின்று, கலயத்தை நீருக்குள்ளேயே மெல்லச் சாய்க்க வேண்டும், உயரத்திலிருந்து கொட்டினால் காற்று உங்கள் மேலேயே அடிக்கும். கட்டிய துணியையும் மாலையையும் ஆற்றில் விடாமல் கையோடு எடுத்து வாருங்கள். மாற்று வேட்டியைக் கரையில் யாரிடமாவது கொடுத்துவிட்டு இறங்குங்கள், நான் மறந்துபோய் ஈரத்தோடு பஸ் ஏறினேன்.