வீடு சந்திப்பு: ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகளில்), சபையார் வீடுகளுக்குப் போய் ஆறுதல் சொல்லி ஜெபிக்கும் வீடு சந்திப்புக்கு இந்த வருஷம் புதிதாகச் சில வாலிபர்கள் சேர்ந்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். வேலை முடிந்த களைப்போடும் கூப்பிட்டால் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆனால் அவர்களோடு நாலு வீடு ஏறி இறங்கியதில், அந்த வயதில் நாங்கள் செய்த கோளாறுகளை ஒன்று விடாமல் செய்வது தெரிகிறது. சாப்பாட்டு நேரத்தில் போகாதே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்காராதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை வீட்டுக்காரர்களே முகத்தில் காட்டிவிடுவார்கள்.

துக்க வீட்டில் ரோமர் 8:28

"சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்ற வசனத்தில் பிழை இல்லை. சவப்பெட்டியை எடுக்கும் முன்பே அந்த வசனத்தை எடுத்துவிடுவதுதான் பிழை. வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து துக்கத்தில் உட்கார்ந்த யோபுவின் நண்பர்களைத் திட்டாத பிரசங்கியார் கிடையாது. அவர்களும் முதலில் சரியாகத்தான் செய்தார்கள்: ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று பெயர் வாங்கியது வாய் திறந்த பிறகு. பெத்தானியாவில் செத்துப்போன லாசருவை எழுப்பப்போகிற இயேசுவே முதலில் கண்ணீர் விட்டார்.

"உங்களுக்கு விசுவாசம் பத்தலை"

நோயாளியிடம் சொல்லாதீர்கள். மாத்திரையை நிறுத்தவும் சொல்லாதீர்கள்.

விடியற்காலை வாட்ஸாப் வாக்குத்தத்தம்

நீதிமொழிகள் 27:14 வாசித்துவிட்டு அனுப்புங்கள்: அதிகாலையில் எழுந்து சிநேகிதனுக்கு உரத்த சத்தத்தோடு சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படுமாம்.

ஜெபக்குறிப்பு

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத விஷயம் இது.

ஒரு அம்மா, தன் மகன் குடிக்கிறான் என்று ஒருநாள் மனம்விட்டுச் சொன்னார்கள். சமையலறையில் வைத்து, வாசல்பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி. சந்திப்புக்கு வந்திருந்த அக்கா ஒருவர் அன்று ராத்திரியே ஜெபக்குழு வாட்ஸாப்பில் போட்டார்: "தண்ணித்தொட்டித் தெருவில் ஒரு குடும்பம். வாலிப மகன் மதுப்பழக்கத்திலிருந்து விடுதலையாக ஜெபிக்கவும். பெயர் வேண்டாம்." கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். நடுவில் ஒருவர், "டீச்சர் வீடா?" அதற்கு ஒரு "ம்". அந்தத் தெருவில் நம் சபைக் குடும்பங்கள் இருப்பதே மூன்று. பெயர் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் ஆளாளுக்கு அந்த அம்மாவின் கையைப் பிடித்து, "மகன் எப்படி இருக்கான்? ஜெபிச்சுக்கிட்டிருக்கோம்" என்றார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். பையனுக்குப் பேசிவைத்திருந்த பெண் வீட்டிலிருந்து "பிறகு பார்க்கலாம்" என்று சொல்லியனுப்பினார்கள். அவன் தாயோடு பேசுவதை நிறுத்தினான். அந்த அம்மா இப்போது பஸ் ஏறி வேறு ஊர்ச் சபைக்குப் போகிறார்கள். குடி நின்றதா என்று விசாரிக்க எங்களில் யாருக்கும் முகம் இல்லை.

அந்த அக்காவிடம் கேட்டபோது, "நான் என்ன புறணியா பேசினேன்? ஜெபிக்கத்தானே சொன்னேன்" என்றார். இப்போது புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளும் அட்சரம் பிசகாமல் இதையே சொல்கிறார்கள். "புறங்கூறித்திரிகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துகிறான், ஆவியில் உண்மையுள்ளவனோ காரியத்தை அடக்குகிறான்" என்பது நீதிமொழிகள் 11:13. ஜெபத்துக்காக என்றால் பரவாயில்லை என்று அதில் எங்கும் இல்லை. கர்த்தருக்குத் தெரு அடையாளமும் தேவைப்படாது. கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தனத்தில் (பாவ அறிக்கையில்) கேட்டதைக் குருவானவர் வெளியே விட்டால் சபைநீக்கம். நம் சந்திப்புக் குழுக்களில் அதற்குக் கிட்டத்தில்கூட எந்த ஏற்பாடும் கிடையாது. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம்.

அதனால் கிளம்புவதற்குமுன் ஒன்று கேளுங்கள்: "அக்கா, இதை ஐயர்கிட்ட சொல்லலாமா, வேண்டாமா?" (போதகரைத்தான் நாங்கள் ஐயர் என்போம்.) வேண்டாம் என்றால் ஐயரம்மாவுக்கும் கிடையாது, உங்கள் வீட்டுக்காரருக்கும் கிடையாது. சத்தமாக ஜெபிக்கும்போதும் கவனம். அடுத்த அறையில் மருமகள் இருப்பாள். "இந்தக் குடும்பத்தின் பாரத்தை நீர் அறிவீர்" என்றால் போதும். ஆறு மாதம் கழித்து இன்னொரு வீட்டு ஜெபத்தில் "ஒரு குடும்பத்தில் இப்படித்தான்" என்று உதாரணமாக எடுத்துவிடவும் கூடாது.

அடக்கி வைக்கக் கூடாத சமயமும் உண்டு. சாகலாம் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னாலோ, குழந்தைக்குக் கெடுதல் நடக்கிறது என்று தெரிந்தாலோ, "இதை என்னோடு வைத்துக்கொள்ள மாட்டேன்" என்று அவர்களிடமே சொல்லிவிட்டு, உதவக்கூடியவர்களிடம் கொண்டுபோங்கள். மனநல உதவிக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416, குழந்தைகளுக்கு 1098. வாட்ஸாப் குழு இந்த இரண்டுக்கும் பதில் ஆகாது.

நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டியது

சொல்லியே தீரவேண்டும் என்று நாக்கு துடித்தால் ஆதிச்சபையின் பர்னபாவைப் பாருங்கள். முன்பு சபையைத் துன்பப்படுத்திய, பின்னாளில் பவுல் என்று பெயர் பெற்ற சவுலைக் கண்டு எருசலேமில் எல்லாரும் பயந்தபோது, அவனை அப்போஸ்தலரிடம் கூட்டிக்கொண்டுபோய், தமஸ்குவில் அவன் தைரியமாய்ப் பிரசங்கித்ததை எடுத்துச் சொன்னவர் அவர். ஊழியப் பயணத்தில் பாதி வழியில் திரும்பிப்போன மாற்குவைப் பவுல் மறுபடி சேர்த்துக்கொள்ள மறுத்தபோது, அவரோடு சண்டை போட்டுப் பிரிந்து, மாற்குவோடு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். பின்னாளில் அதே பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, "ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார். உங்கள் சபையிலும் ஒரு தடவை சொதப்பியதற்காக ஆராதனையில் மறுபடி வேதபாடம் வாசிக்கக் கூப்பிடாமல் விட்ட பையன் ஒருவன் இருப்பான். அவனைப் பற்றிக் கமிட்டியில் நல்லதாக நாலு வார்த்தை பேசுங்கள்.

வசனம் மட்டும்

சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் புத்தி சொல்லவில்லை. சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடு என்று இரண்டு தடவை எழுப்பினான். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவருக்கும் உங்கள் ஜெபத்தோடு ஒரு ராத்திரி தூக்கமும் தேவை. மாற்றி இருக்க முடியுமா என்று பாருங்கள்.

ஒரு தடவையோடு நிறுத்துவது

அடக்க ஆராதனைக்கு வந்த கூட்டம் மூன்றாம் மாதம் இருக்காது. டைரியில் குறித்துவைத்துப் போங்கள். வாரிசுச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீஸுக்கும் அலையத் துணைக்கு ஓர் ஆள் தேவைப்படுவது அப்போதுதான்.