மான் ஃபீடரில் ரக்கூன் ஏறாமல் தடுப்பது எப்படி?

டெக்சாஸில் ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்கி, வெள்ளைவால் மான்களுக்காக ஒரு மூன்று கால் ஃபீடரை (குறித்த நேரத்தில் மோட்டார் சுழன்று டிரம்மிலிருந்து சோளத்தை வீசும் தீவனக் கருவி) நிறுத்தியவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மூட்டை மூட்டையாக மக்காச்சோளம் கொட்டுகிறோமே, மான் அவ்வளவா தின்கிறது? பெரும்பாலும் இல்லை. இரவில் வருகிற ரக்கூன்தான் தின்கிறது. தின்பதோடு போனாலும் பரவாயில்லை. மோட்டாரின் தண்டை வளைக்கும், ஒயரைப் பிடுங்கும், டிரம்மின் மூடியைத் திறந்து போடும். திறந்த டிரம்மில் மழை இறங்கினால் சோளம் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். மானுக்கு மட்டுமல்ல, சிந்தியதைப் பொறுக்க வரும் காட்டு வான்கோழிக்கும் காடைக்கும் அது கெடுதல்.

ரக்கூனை நேரில் பார்க்காதவர்களுக்கு: நம் ஊர் மரநாயைப் போல இரவில் நடமாடும், மரமேறும் பிராணி. பொதுவாக 3 முதல் 9 கிலோ எடை. முன்னங்காலில் ஐந்து விரல்கள். அந்த விரல்களின் தொடு உணர்வு மிகக் கூர்மையானது. தாழ்ப்பாள், கொக்கி எல்லாவற்றையும் தடவித் தடவியே திறந்துவிடும். பின்னங்கால் பாதத்தை முழுக்கப் பின்னால் திருப்பும் என்பதால் கம்பத்தில் தலைகீழாகவும் இறங்கும். இப்படிப்பட்ட ஒன்றை விரட்டியே தீர்ப்பது நடக்காத காரியம். ஒன்று போனால் இன்னொன்று வரும். ஏறினாலும் எதுவும் கிடைக்காது என்று ஆக்கிவிடுவதுதான் நீடித்து நிற்கும் வழி. இந்த விளக்கம் முழுவதும் அதைப் பற்றியதுதான்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். மானுக்குத் தீவனம் வைப்பது எல்லா மாநிலங்களிலும் அனுமதிக்கப்பட்டதல்ல. மானை உருக்கிக் கொல்லும் க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ் என்ற நோய் 1967இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. டெக்சாஸில் 2012இல் கண்டறியப்பட்டது. பல மான்கள் ஒரே இடத்தில் வாய் வைத்தால் நோய் எளிதாகப் பரவும் என்பதால் சில மாநிலங்கள் தீவனம் வைப்பதையே தடை செய்திருக்கின்றன. டெக்சாஸில் தனியார் நிலத்தில் வைக்கலாம். இருந்தாலும் உங்கள் கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது) இந்த நோய் தொடர்பான விதி ஏதும் இருக்கிறதா என்று டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நிலவரிச் சலுகைக்காக வனவிலங்கு மேலாண்மைக் கணக்கில் நிலத்தைப் பதிந்தவர்களுக்கு, கூடுதல் தீவனம் வைப்பது அங்கீகரிக்கப்பட்ட ஏழு வேலைகளில் ஒன்று. தீவனம் உரிய விலங்குக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அவர்கள் கவலைப்பட இன்னொரு காரணம் அது.

1. யார் திருடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள்

ஃபீடரின் அடிப்பாகமும் மூன்று கால்களும் தெரியும்படி ஒரு டிரெயில் கேமராவை (விலங்கு அசைந்தால் தானே படம் எடுக்கும் கேமரா) வையுங்கள். கேமராவை மாட்டும் கம்பம் ஃபீடரிலிருந்து குறைந்தது மூன்று மீட்டராவது தள்ளி இருக்கட்டும். சில இரவுகள் ஓடினால் போதும். ஃபீடர் சாய்ந்தோ விழுந்தோ கிடந்தால் அது காட்டுப்பன்றியின் வேலை. பிளாஸ்டிக் கடித்துக் குதறப்பட்டிருந்தால் பெரும்பாலும் அணில். காலில் மண் அப்பிய தடம், கீழே குழந்தையின் கைத்தடம் போன்ற ஐந்து விரல் சுவடு, சோளம் ஸ்பின்னருக்கு (டிரம்மின் அடியில் சோளத்தை வீசும் சுழல்தட்டு) நேர் கீழே ஒரே குவியலாகக் கிடப்பது, இவையெல்லாம் ரக்கூனைக் காட்டும். மோட்டார் சுழன்று வீசியிருந்தால் சோளம் சுற்றிலும் பரவித்தான் விழுந்திருக்கும்.

எந்தக் கால் வழியாக ஏறுகிறது, மரக்கிளையிலிருந்து குதிக்கிறதா, ஸ்பின்னரில் தொங்குகிறதா, மேலே போய் மூடியைத் தள்ளுகிறதா என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் தடுப்புகளையெல்லாம் ஒரே நாளில் போட்டு முடிப்பது முக்கியம். இன்று காலுக்கு, அடுத்த மாதம் மூடிக்கு என்று தவணை முறையில் செய்தால், ஒவ்வொரு வழியாக முயன்று பார்க்க ரக்கூனுக்கு நாமே பயிற்சி கொடுத்ததாகிவிடும்.

2. இடம்

மரம், வேலி, பெரிய பாறை எதுவும் மூன்று மீட்டருக்குள் இருக்கக் கூடாது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளை வெட்டுங்கள். ஃபீடரோடு சேர்ந்து வந்த ஏணியை வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். பன்றி தள்ளாமல் இருக்க ஒவ்வொரு காலின் அருகிலும் டி-போஸ்ட் அடித்துக் கட்டும் வழக்கம் உண்டு. நல்ல வழக்கம்தான், ஆனால் அந்த இரும்புக் கம்பம் ஆள் உயரத்துக்கு நின்றால் அதுவே ஏணி. தரைக்கு மேல் முழங்கால் உயரத்தைத் தாண்டாமல் அடித்து இறக்குங்கள். பன்றிக்காகச் சுற்றிலும் போடும் கம்பி வேலியும் இப்படித்தான். மான் அதைத் தாண்டும், பன்றியால் முடியாது, ரக்கூனோ மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேலியைக் காலிலிருந்து நன்றாகத் தள்ளிப் போடுங்கள்.

3. கால்களுக்குப் புகைக்குழாய்

மொத்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. கையில் பணமோ நேரமோ குறைவாக இருந்தால் இதையும் டைமரையும் மட்டுமாவது சரியாகச் செய்யுங்கள்.

ஃபீடரின் கால் ஒல்லியான இரும்புக் குழாய். ரக்கூன் அதைக் கட்டிப்பிடித்து ஏறுகிறது. கட்டிப்பிடிக்க முடியாத அளவு பருமனும், நகம் பதியாத வழவழப்பும் கொண்ட ஒன்றைக் காலைச் சுற்றிப் போட்டால் ஏற்றம் நின்றுவிடும். ஃபீடர் வைத்திருப்பவர்கள் பலர் 4 அங்குல பிவிசி குழாயை மாட்டுகிறார்கள். மலிவுதான். ஆனால் பெரிய ரக்கூன் அதையும் அணைத்து ஏற வாய்ப்பு உண்டு, வெயிலில் மேல்பரப்பு சொரசொரப்பானால் இன்னும் எளிது. பறவைக் கூடு வைப்பவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் 8 அங்குலத் தகரப் புகைக்குழாய்தான் என் தேர்வு. கடையில் நெடுக்குவாட்டில் பிளந்த நிலையில் கிடைக்கும். காலைச் சுற்றி வைத்து இரு விளிம்புகளையும் அழுத்தினால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். அதனால் நிற்கிற ஃபீடரைப் பிரிக்கவே வேண்டியதில்லை.

வேண்டிய சாமான்கள்: ஒவ்வொரு காலுக்கும் 90 செ.மீ. நீளக் குழாய் ஒன்று, காலின் பருமனுக்கேற்ற ஹோஸ் கிளாம்ப் (ஸ்க்ரூ முறுக்கி இறுக்கும் உலோக வளையம்) ஒன்று, சிறு கண் உள்ள இரும்பு வலைத் துண்டு (கடையில் ஹார்ட்வேர் க்ளாத் என்று கேளுங்கள்), குட்டையான தகர ஸ்க்ரூ ஏழெட்டு. தகடு வெட்டும் கத்தரி, டிரில், தடித்த கையுறை. கையுறையைத் தவிர்க்காதீர்கள், வெட்டிய தகரத்தின் ஓரம் கத்தி.

காலில் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் குறியிட்டு, அங்கே ஹோஸ் கிளாம்ப்பை இறுக்குங்கள். வலையைக் குழாயின் வாயைவிட இரண்டு மூன்று செ.மீ. பெரிய வட்டமாக வெட்டி, ஓரத்திலிருந்து நடுவரை ஒரு கீறல் போடுங்கள். நடுவில் கால் நுழையும் அளவுக்கு மட்டும் துளை. கீறல் வழியாக வலையைக் காலில் நுழைத்து, கிளாம்ப்புக்கு மேலே உட்கார வையுங்கள். ஓரத்தைச் சுற்றிலும் கீழ்நோக்கி மடித்துவிடுங்கள். இப்போது புகைக்குழாயைக் காலைச் சுற்றி மூடிப் பூட்டி, அதன் மேல்வாய்க்குள் வலையின் மடிப்பு அடங்கும்படி உயர்த்தி, வெளியிலிருந்து ஸ்க்ரூ போட்டு இணைத்துவிடுங்கள். குழாய் 60 செ.மீ. உயரத்திலிருந்து 1.5 மீட்டர் வரை தொங்கும்.

வலை எதற்கு என்றால், கீழிருந்து ஏறும் ரக்கூன் முதலில் குழாய்க்கு உள்ளேதான் நுழையும். மேலே வலை அடைத்திருப்பதால் திரும்பி இறங்க வேண்டியதுதான். வலை இல்லாத குழாய் வெறும் அலங்காரம். கால் சாய்வாக இருப்பதால் குழாயின் அடிப்பக்கம் ஒரு புறம் காலில் ஒட்டி நிற்கும், லேசாக ஆடவும் செய்யும். இருக்கட்டும், ஆடுவது நமக்கு நல்லதே. கால்களுக்கு இடையில் குறுக்குச் சட்டம் இருந்தால் அது குழாயின் மேல்விளிம்புக்குக் கீழே அமையக் கூடாது. அப்படி இருந்தால் சட்டத்தை மேலே மாற்றுங்கள். பளபளக்கும் தகரம் கண்ணுக்கு உறுத்தினால் மங்கிய பழுப்பு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கலாம். புதுப் பொருளைக் கண்டு மான் சில நாள் தயங்கும், அப்புறம் பழகிவிடும்.

ஃபீடரை மரத்திலிருந்து கயிற்றிலோ கம்பியிலோ தொங்கவிட்டிருந்தால் ரக்கூன் மேலிருந்து இறங்கும். அதற்கு, கம்பியில் ஒரு மீட்டருக்குக் குறையாத விட்டமுள்ள வழவழப்பான தகட்டு வட்டை மாட்ட வேண்டும்.

4. ஸ்பின்னருக்குக் கூண்டு

டிரம்மின் அடியில் இருக்கும் புனலுக்கும் ஸ்பின்னர் தட்டுக்கும் இடையில் சிறு இடைவெளி உண்டு. தட்டில் சோளம் தேங்கி நிற்கும். மோட்டார் ஓடினால் வீசப்படும். ரக்கூன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தட்டைக் கையால் சுழற்றும், சோளம் கொட்டிக்கொண்டே இருக்கும். மோட்டாரின் தண்டு வளைவதும் இதனால்தான்.

இரண்டு தடுப்புகள் இருக்கின்றன. ஒன்று, மோட்டாரையும் தட்டையும் சுற்றிய கம்பிக் கூண்டு. கூண்டின் கம்பிக்கும் தட்டின் ஓரத்துக்கும் நடுவே ஒரு சாணுக்குக் குறையாத இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் கம்பிக்குள் கையை விட்டே தட்டைத் தொட்டுவிடும். கூண்டின் அடிப்பக்கமும் மூடியிருக்க வேண்டும். கண் மிகச் சிறியதாக இருந்தால் சோளம் வலையில் மோதிக் கீழேயே விழும், செங்குத்துக் கம்பிகள் உள்ள கூண்டில் அந்தத் தொல்லை குறைவு. மற்றொன்று, மோட்டார் வேகமாகச் சுழலும்போது மட்டும் திறந்து, நின்றதும் புனலின் வாயை மூடிக்கொள்ளும் வகைத் தட்டு. மெதுவாகக் கையால் திருப்பினால் அது திறக்காது. காற்றில் சோளம் சிந்துவதும் நிற்கும். வசதி இருந்தால் இரண்டையும் போடுங்கள்.

5. மூடி, ஒயர்

ரப்பர் கொக்கிக் கயிறு போதாது. டிரம் மூடியைச் சுற்றி இறுக்கும் இரும்பு வளையத்தைப் போட்டு போல்ட் முறுக்குங்கள். சோலார் தகட்டிலிருந்து வரும் ஒயரை வளையும் உலோக உறைக்குள் விட்டு டிரம்மோடு ஒட்டிக் கட்டுங்கள்.

6. டைமர்

ரக்கூன் இரவுப் பிராணி. மான் அதிகம் மேய்வது விடியலிலும் அந்தியிலும். இந்த வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம். காலையில் சூரியன் உதித்து அரை மணி கழித்து ஒரு முறை, மாலையில் அது மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போது ஒரு முறை விழும்படி வையுங்கள். இருட்டும்போது தரையில் ஒரு சோள மணிகூட மிஞ்சக் கூடாது. எவ்வளவு விழுகிறது என்று தெரிய, ஸ்பின்னரைச் சுற்றி ஒரு தார்ப்பாயைக் கட்டி, சோதனைப் பொத்தானை அழுத்தி, ஐந்து நொடியில் விழுந்ததை எடை போடுங்கள். பிறகு மாலை இருட்டும் முன் போய்த் தரையைப் பார்த்து நொடிகளைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

நவம்பர் முதல் ஞாயிறன்றும் மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் அமெரிக்காவில் கடிகாரம் மாறும். பல டைமர்கள் தானாக மாறுவதில்லை. பகல் நீளமும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. எனவே சோளம் நிரப்பப் போகும் ஒவ்வொரு முறையும் நேரத்தைச் சரிபார்த்து வைப்பது நல்லது.

செய்யக் கூடாதவை

காலில் கிரீஸ் தடவாதீர்கள். அது ரோமத்தில் ஒட்டினால் குளிரைத் தாங்கும் சக்தி போய்விடும், வேறு பிராணிகளும் பறவைகளும் மாட்டிக்கொள்ளும். சோளத்தில் மிளகாய்த்தூள் கலக்கும் யோசனை பறவைத் தீவனத்துக்குப் பொருந்தும், ஏனென்றால் பறவைக்குக் காரம் உறைக்காது. மானுக்கு உறைக்கும். விஷம் வைப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்: சட்ட விரோதம், நாயும் நரியும் கழுகும் சேர்ந்து சாகும்.

கூண்டுப் பொறியில் பிடித்து வேறெங்காவது விட்டுவிடலாமே என்று தோன்றும். ரக்கூன் ரேபிஸைச் சுமக்கக்கூடிய விலங்கு என்பதால் பல மாநிலங்களில் அதற்கு அனுமதி இல்லை. வசந்த காலத்தில் அது குட்டி போடும். தாயைக் கொண்டுபோய்விட்டால் பொந்தில் இருக்கும் குட்டிகள் பட்டினியில் சாகும். இது எனக்கு மனசுக்கு ஒப்பாத காரியம். தடுப்பைச் சரியாகப் போட்டால் அதற்கு அவசியமும் இல்லை.

எச்சத்தைக் கையாளுதல்

ரக்கூன் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எச்சமிடும். டிரம்மின் மூடியின் மேலும் இடும். அதில் பெய்லிசாஸ்கரிஸ் என்ற உருளைப்புழுவின் முட்டைகள் இருக்கலாம். மனித உடலுக்குள் போனால் மூளையையும் கண்ணையும் தாக்கக்கூடியது. பிளீச்சிங் கரைசலால் அந்த முட்டைகள் சாகாது, கொதிக்கும் நீரால் சாகும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, தூசி கிளம்பாமல் லேசாக நனைத்து, அள்ளிப் பையில் கட்டிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் கொதிநீர் ஊற்றுங்கள். புதிய எச்சத்தில் முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதனால் கண்டவுடன் அகற்றுவது நல்லது. சிறு பிள்ளைகளை ஃபீடரின் அடியில் விளையாட விடாதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு கேமராவை இரண்டு மூன்று வாரம் அப்படியே விட்டு வையுங்கள். முதல் சில இரவுகள் ரக்கூன் வந்து குழாயைத் தடவிப் பார்க்கும், சுற்றி வரும். அது இயல்பு. டிரம் மேலேயே படம் பதிவானால் வழி ஒன்று மீதம் இருக்கிறது என்று பொருள். கால் வழியாக ஏறியிருந்தால் குழாயின் மேல்வலையில் ஓட்டை இருக்கிறதா, குழாய் கீழே சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். குழாயில் நகக்கீறலே இல்லாவிட்டால் தலைக்கு மேலே பாருங்கள், வெட்டாமல் விட்ட கிளை ஏதாவது இருக்கும்.