தொலைவை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைக்காது

நெடுந்தொலைவு விமானப் பயணத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்று அறிய, பலர் தொலைவை மணிக்கு 900 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்துவிடுகிறார்கள். லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 5,540 கிலோமீட்டர். வகுத்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வரும், அட்டவணையிலோ சுமார் எட்டு மணி நேரம் என்றிருக்கும். அட்டவணை நேரம் என்பது விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கும் நொடி முதல் மறுமுனையில் நிறுத்துமிடத்தை அடையும் வரையிலானது என்பதால், ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், உயரம் ஏறுவதும், தரையிறங்கும் முறைக்காக வட்டமிடுவதும் அதில் அடங்கும்.

அதைவிடப் பெரிய காரணம் காற்று. ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் உயர்வளிக் காற்றோட்டம், விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே மேற்கிலிருந்து கிழக்காக, குளிர்காலத்தில் இன்னும் வேகமாக வீசுவதால், நியூயார்க்கிலிருந்து லண்டன் திரும்பும் பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறைகிறது. ஆகவே போகும் நேரத்தை இரண்டால் பெருக்கி மொத்தப் பயண நேரத்தைக் கணிப்பது தவறு.

தட்டையான வரைபடத்தில் கோடு போட்டு வழியைக் கணிப்பதும் அப்படியே. டோக்கியோவிலிருந்து நியூயார்க்குக்குக் கோடிழுத்தால் அது பசிபிக் பெருங்கடலின் நடுவே போகும். உருண்டையான உலக மாதிரியின் மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது அலாஸ்காவின் மேலாகச் செல்வதைக் காணலாம், மிகக் குறுகிய வழி அதுவே. ஆனால் அந்த வழியிலும் விமானம் பறந்தே தீரும் என்றில்லை. 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டபின், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு முன்பு ஒன்பதரை மணி நேரம் போல இருந்த பயணம் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டது. நிலையங்களுக்கு இடையிலான தொலைவோ ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை.

அலகையும் கவனிக்க வேண்டும். விமானத் துறை பயன்படுத்தும் கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் சுமார் 1.609. 6,000 கடல் மைலைச் சாதாரண மைலாக எண்ணினால் 1,400 கிலோமீட்டருக்கு மேல் காணாமற்போகும்.

பயணச்சீட்டில் உள்ள இரு நேரங்களைக் கழித்துப் பார்ப்பவர்கள்தாம் மிகவும் குழம்புகிறார்கள். இரண்டும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள். டோக்கியோவில் மாலை 5 மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணி நேரம் பறக்கும் விமானம், தேதி மாறும் எல்லையான நாள்கோட்டைக் கடப்பதால், லாஸ் ஏஞ்சல்ஸில் அதே தேதியில் காலை 10 மணிக்கு, அதாவது புறப்படுவதற்கு ‘முன்பே’, இறங்கும். இது 17 மணி நேர வேறுபாடுள்ள குளிர்காலக் கணக்கு. அமெரிக்காவில் கோடைகால நேரம் நடப்பில் இருக்கையில் வேறுபாடு 16 மணி நேரமாகிவிடும், ஜப்பானில் கடிகாரத்தை மாற்றுவதில்லை.

‘நேரடி விமானம்’ என்ற சொல்லை மட்டும் நம்பிவிடவும் கூடாது. ஒரே விமான எண்ணில் சென்றாலும் நடுவில் ஓரிடத்தில் இறங்கி ஏறும் சேவைக்கும் அந்தப் பெயர் உண்டு. எங்கும் இறங்காமல் செல்வது வேண்டுமெனில், ‘நான்-ஸ்டாப்’ என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே நேரத்தைக் கணக்கிட வேண்டும்.