ஆளுக்குப் பத்து வரி: பிளஸ் டூ பிரிவுபசார மலர் எழுதப்போகிறவர்களுக்கு

சாத்தூர், சங்கரன்கோவில், புளியங்குடி போன்ற ஊர்களில் ஒரு மேல்நிலைப் பள்ளி தன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பிரிவுபசார மலர் வெளியிட முடிவு செய்துவிட்டால், தலைமையாசிரியரின் வாழ்த்துரையும் குழுப்படமும் ஜவுளிக்கடை விளம்பரமும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்துவிடும். கடைசி வரை காலியாகக் கிடப்பவை மாணவர்களைப் பற்றிய பக்கங்கள்தான். அச்சகத்துக்குப் போவதற்கு முந்தின இரவு யாரோ ஒருவர் உட்கார்ந்து, வகுப்பில் உள்ள அத்தனை பேருக்கும் ‘பழகுவதற்கு இனியவர், நட்புக்கு இலக்கணமானவர்’ என்று எழுதி முடிப்பார். அந்த வரிகளை எந்தப் பெயருக்குக் கீழே மாற்றிப் போட்டாலும் பொருந்தும். சிறிய ஊரில் இந்தக் குறை பளிச்சென்று தெரிந்துவிடும். படிக்கப்போகிற எல்லோருக்கும் அந்தப் பையனைத் தெரியும், அவன் அண்ணனைத் தெரியும், அவனுடைய சைக்கிள் மணி எந்த ஆண்டிலிருந்து அடிப்பதில்லை என்பதும் தெரியும். ஆகவே அந்த மாணவருக்கு மட்டுமே உரிய ஓர் உண்மையான செய்கையை எடுத்து, அதைக் கொஞ்சம் மிகைப்படுத்தி, முழு மரியாதையோடு சொல்ல வேண்டும். அந்தச் செய்கையை எப்படிக் கண்டுபிடிப்பது, எதைத் தொடாமல் விடுவது என்பவைதான் கடினமான பகுதிகள்.

வேலையை எப்போது தொடங்குவது என்பதைப் பொதுத்தேர்வே முடிவு செய்துவிடுகிறது. தேர்வு வழக்கமாக மார்ச் முதல் வாரத்தில் தொடங்கும். அதற்கு முந்தைய வாரங்களைச் செய்முறைத் தேர்வும் திருப்புதல் தேர்வுகளும் விழுங்கிவிடும். அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு குறிப்பெடுக்கத் தொடங்கி, பொங்கல் விடுமுறையில் எழுதி, ஜனவரி முடிவதற்குள் அச்சுக்குக் கொடுத்துவிடுவது நல்லது. பிப்ரவரியில் ஒரு மாணவரை நிறுத்தி வேடிக்கையான சம்பவம் ஏதாவது சொல்லச் சொன்னால் அவர் கண்ணில் வேதியியல் ஆய்வகத்துப் பியூரெட் குழாயின் அளவுக்கோடுகள்தான் தெரியும்.

எழுதும் குழுவில் பிளஸ் டூ மாணவர்களே இருக்கக் கூடாது என்பது என் கருத்து. இரண்டு ஆண்டுப் பழைய கணக்குகளைத் தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்காது. ஓர் ஆசிரியர், பிளஸ் ஒன் படிக்கும் மாணவர்கள் மூன்று பேர், முடிந்தால் அதே பள்ளியில் படித்த முன்னாள் மாணவர் ஒருவர் என்று குழு அமைந்தால் போதும்.

செய்தி திரட்டும்போது பெரும்பாலோர் கேட்கும் கேள்வி ‘அவன் எப்படிப்பட்டவன்?’ என்பது. அதற்கு வரும் பதில் ‘நல்ல பையன் சார்’ என்பதைத் தாண்டாது. செய்கையை வரவழைக்கும் கேள்விகளைக் கேட்க வேண்டும். பேனாவில் மை தீர்ந்துவிட்டால் முதலில் யார் பக்கம் திரும்புவாய்? மழை வந்தால் சன்னலைச் சாத்துவது யார், வேடிக்கை பார்ப்பது யார்? யாருடைய சாப்பாட்டு டப்பா முதலில் காலியாகும், காலி செய்வது அதற்கு உரியவர்தானா? இப்படிக் கேட்டால் பத்து நிமிடத்தில் ஒரு வகுப்பின் முழு நடமாட்டமும் கண்முன் வந்துவிடும். ஆசிரியர்களிடம் கேட்பதைவிட அதே பெஞ்சில் உட்காருபவரிடமும், வாயிற்காவலரிடமும், பள்ளிக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கும் அக்காவிடமும் கேட்பது மேல். ஆசிரியர்களுக்கு முதல் பெஞ்சும் கடைசி பெஞ்சும்தான் நினைவில் இருக்கும்.

உண்மையான சோதனை நடு பெஞ்சில் இருக்கிறது. எந்த வகுப்பிலும் ஏழெட்டுப் பேரைப் பற்றி யாரிடமும் கதை இருக்காது. சேட்டை செய்யாதவர்கள், பரிசு வாங்காதவர்கள், அடிக்கடி விடுப்பு எடுக்காதவர்கள் இவர்கள். மலர் எழுதுபவர் தம் நேரத்தில் பாதியை இவர்களுக்கு ஒதுக்க வேண்டும். மற்றவர்களைப் பற்றிய வரிகள் தாமாகவே வந்துவிடும். யாரும் ஒன்றும் சொல்லாத மாணவி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விசாரித்துக்கொண்டே போனால், கரும்பலகையின் மூலையில் தேதியையும் பதிவையும் வருகையையும் நாள்தோறும் எழுதி வந்தவர் அவர்தான் என்பது தெரியவரும். அவ்வளவு போதும்: “கரும்பலகையில் தேதி மாறுவது இயற்கையின் செயல் என்று இந்த வகுப்பு இரண்டு ஆண்டுகள் நம்பியிருந்தது. இவர் காய்ச்சலில் படுத்த மூன்று நாளும் பன்னிரண்டாம் வகுப்பில் செவ்வாய்க்கிழமையாகவே இருந்தது.” இதில் அவரைப் புகழும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து வகுப்பு முழுவதும் அந்த மூலையைப் பார்க்கும்.

மொழிநடையைப் பொறுத்தவரை, எல்லோரையும் ‘அவர்’ என்றே எழுத வேண்டும். இதில் மரியாதையும் இருக்கிறது, பாதி நகைச்சுவையும் இருக்கிறது. நண்பனின் முறுக்கைக் களவாடியதை ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாறு போல நிதானமான உரைநடையில் சொல்லும்போது வரும் சிரிப்பு, ‘செம சேட்டைக்காரன்’ என்று எழுதினால் வராது. சிரிப்பு வரும் இடத்தில் ஆச்சரியக்குறி போடவே கூடாது. எழுதுபவர் முகம் இறுகியிருக்கும்வரைதான் படிப்பவர் சிரிப்பார்.

புகழ்வது போலப் பழிப்பதும் பழிப்பது போலப் புகழ்வதும் வஞ்சப்புகழ்ச்சி அணி என்று மாணவர்கள் இலக்கணப் பாடத்திலேயே படித்திருப்பார்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், இங்கே உள்ள படைக்கலங்கள் நெய் பூசிப் பீலி அணிந்து காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன, அங்கே உள்ளவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று சொல்வது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. குறை சொல்வது போலத்தான் கேட்கிறது. உண்மையில் போருக்குப் போனவன் யார் என்பது தொண்டைமானுக்குப் புரிந்திருக்கும். மலருக்குத் தேவை பழிப்பது போலப் புகழும் அந்தப் பிற்பாதி மட்டும்தான். புகழ்வது போலக் குத்தும் முற்பாதியை ஆசிரியர்கள் தங்கள் ஓய்வறையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பேருந்தில் வந்து நாள்தோறும் தாமதமாகும் மாணவர் ஒருவருக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம். “இவர் பயணம் செய்யும் நகரப் பேருந்து, பள்ளி தொடங்கி ஐந்து நிமிடம் கழித்து வந்து சேர்வதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறது. ஆகவே இரண்டு ஆண்டுகளாக இவர் தமிழ்த்தாய் வாழ்த்தை வாயிற்கதவுக்கு வெளியே நின்று பாடி வருகிறார். உள்ளே பாடுபவர்கள் எல்லோரையும்விட இவர் குரலே ஓங்கி ஒலிப்பதாக வாயிற்காவலர் தெரிவிக்கிறார். தாமதத்துக்கு இவர் சொன்ன காரணங்கள் அனைத்தும் உண்மையாக இருந்தது ஒன்றே வகுப்பாசிரியரின் வருத்தம்.” கேலி பேருந்தின் மேல் விழுகிறது, வகுப்பாசிரியர் மேலும் கொஞ்சம் தெறிக்கிறது, மாணவருக்கு மிஞ்சுவது பெருமை. ரெக்கார்டு நோட்டைத் திருத்தமாக எழுதும் மாணவிக்கும் இதே வழி உதவும்: “இவருடைய வேதியியல் நோட்டு, இவர் ஒருமுறைகூடப் போகாத பதினான்கு வீடுகளுக்குப் போய் வந்திருக்கிறது, அட்டை எங்கே கிழிந்தது, பக்கத்தில் தேநீர் யார் வீட்டில் கொட்டியது என்பவை இன்னும் விசாரணையில் உள்ளன.” பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் வெளிர் இளஞ்சிவப்பு தோன்றியதும் நிறுத்தத் தெரியாமல், கூம்புக்குடுவையைக் கல்யாண வீட்டு ரோஸ்மில்க் நிறத்துக்குக் கொண்டுபோகிறவர் ஒருவர் எல்லா வகுப்பிலும் உண்டு, அவரைப் பற்றி எழுதும்போது, மூன்று முறையும் அதே நிறத்தையே கொண்டுவந்த அவருடைய சீரான கையைப் பாராட்டிவிட வேண்டும்.

எல்லாக் குறிப்புகளும் ஒரே அச்சில் இருந்தால் பத்தாவது ஆளிலேயே அலுத்துவிடும். அங்கங்கே வடிவத்தை மாற்றலாம். பேருந்து நிலையத்து பிளெக்ஸ் பேனரின் மொழியில் ஒருவரை வரவேற்கலாம். காணவில்லை அறிவிப்பாக ஒருவருடைய வடிவியல் பெட்டியைத் தேடலாம். வினாத்தாளாகவும் ஒன்றை எழுதலாம். “இவர் வகுப்பில் இதுவரை செய்யாதது எது? அ) உறங்குதல் ஆ) உறங்குபவரை எழுப்புதல் இ) எழுப்பியவரைக் காட்டிக்கொடுத்தல் ஈ) காட்டிக்கொடுத்ததை ஒப்புக்கொள்ளுதல்.” ஒரு மலரில் இத்தகைய வித்தைகள் ஐந்துக்கு மேல் போக வேண்டாம். பேனர் மொழி குறிப்பாக எளிதில் போதை தரும்.

எதைத் தொடக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. நிறம், உயரம், எடை, திக்குவாய், சாதி, வீட்டு வறுமை, அப்பாவின் குடி, தேர்வில் தோற்ற பாடம் ஆகிய எதுவும் வேடிக்கைக்கு உரியதல்ல. ஒருவர் தானாக விரும்பிச் செய்வதை வைத்துச் சிரிக்கலாம். அவர் மேல் வந்து விழுந்ததை வைத்துச் சிரிக்கக் கூடாது. பட்டப்பெயர்களை அச்சிடவே வேண்டாம் என்பேன். வகுப்பில் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்ட பெயரில் பெரும்பாலும் நிறமோ உடம்போ சாதியோ ஒளிந்திருக்கும், அச்சில் ஏறினால் அது கல்யாணப் பத்திரிகை வரைக்கும் துரத்தும். தெருவின் பெயரையும் எழுதக் கூடாது. நம் ஊர்களில் தெருப் பெயர் பாதி நேரம் சாதியைச் சொல்லிவிடுகிறது. ஒரு மாணவரையும் ஒரு மாணவியையும் ஒரே வாக்கியத்தில் வைப்பதையும் தவிர்த்துவிடுங்கள். நூலகப் புத்தகத்தை இருவரும் மாறி மாறி எடுத்தார்கள் என்று நீங்கள் வெள்ளை மனதோடு எழுதுவீர்கள்; மாலைக்குள் அது இரண்டு வீட்டுப் பிரச்சினை ஆகியிருக்கும். அதனால்தான் குறிப்புகளை வருகைப் பதிவேட்டின் வரிசையில் அடுக்குவது பாதுகாப்பானது. பக்கத்துப் பக்கத்தில் யார் வந்தாலும் பழி பதிவேட்டுக்கே போகும்.

மாணவர்களில் பலருக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்காது. மலரைக் கையில் தாருங்கள். வாட்ஸ்அப் குழுக்களிலும் முகநூலிலும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போடுவதைப் பள்ளி ஊக்குவிக்கக் கூடாது. மலரில் மாணவரின் படம் போடுவதற்குப் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். கைப்பேசி எண் எதற்காகவும் வேண்டாம்.

‘நாளைய கலெக்டர்’, ‘எதிர்கால மருத்துவர்’ என்று முடிக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். மலர் வருவது பிப்ரவரியில். முடிவு வருவது மே மாதத்தில். 600க்கு எவ்வளவு என்பது தெரிந்த பிறகும், துணைத்தேர்வு எழுத வேண்டி வந்த பிறகும், திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகும் அந்தப் பத்து வரியை அவர் கூசாமல் எடுத்துப் படிக்க முடிய வேண்டும். எதிர்காலம் பற்றி ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், சின்னதாகவும் நிச்சயமாகவும் சொல்லுங்கள்: “பிற்காலத்தில் இவர் எந்த அலுவலகத்தில் பணிபுரிந்தாலும், அங்குள்ளவர்கள் மதியச் சாப்பாட்டைப் பூட்டி வைக்க நேரிடும்.”

அளவில் பாரபட்சம் வேண்டாம். முதல் மதிப்பெண் எடுப்பவருக்கு அரைப்பக்கம், மற்றவருக்கு நான்கு வரி என்றால் மாணவர்கள் படிப்பதற்கு முன்பே எண்ணிவிடுவார்கள். எண்பது முதல் நூறு சொற்கள் என்று வைத்துக்கொண்டு, எழுதி முடித்ததும் வரிகளை எண்ணிப் பார்த்துச் சமப்படுத்துங்கள்.

அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொருவரிடமும் அவருடைய குறிப்பைத் தனியாகக் காட்ட வேண்டும். நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். சிரித்துவிட்டு, ‘சார், அது மூன்று நாள் இல்லை, நான்கு நாள்’ என்று திருத்தம் சொன்னால் குறிப்பு நன்றாக வந்திருக்கிறது. ஒரு நொடி தாமதித்து ‘பரவாயில்லை சார்’ என்றால், காரணம் கேட்காமல் அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதுங்கள். இன்னொரு சோதனையையும் நீங்களே செய்து பார்க்கலாம். மலர் வீட்டுக்குப் போனதும் தம்பியோ தங்கையோ அதை உரக்கப் படிக்க, அடுப்படியிலிருந்து அம்மா கேட்பார். எந்த இடத்தில் அவர் ‘யார் இப்படி எழுதினது?’ என்று கேட்பார் என்பதை முன்கூட்டியே கண்டுபிடித்து, அந்த இடத்தை மாற்றிவிடுங்கள். ‘இவன் வீட்டிலும் இப்படித்தான்’ என்று அவர் சொல்லும் குறிப்புக்கு இணையான வெற்றி கிடையாது.

அச்சு வேலையில் இரண்டு தொல்லைகள் உண்டு. கைப்பேசியில் யூனிகோடில் தட்டச்சு செய்ததை, பழைய எழுத்துரு வைத்திருக்கும் டிடிபி கடையில் கொடுத்தால் கட்டம் கட்டமாக வரும், அல்லது கொம்பும் காலும் இடம் மாறும். என்ன எழுத்துரு பயன்படுத்துகிறார்கள் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். தலைப்பெழுத்துப் பிழை அதைவிட மோசம். நகைச்சுவையில் பிழை இருந்தால் மன்னிப்பார்கள், அப்பா பெயரின் முதலெழுத்து மாறினால் மன்னிக்க மாட்டார்கள். பள்ளிப் பதிவேட்டோடு பெயர்களை இருவர் சேர்ந்து, ஒருவர் படிக்க ஒருவர் பார்க்க, சரிபார்ப்பதே வழி.

பிளஸ் ஒன்னிலேயே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனவர்களையும், படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனவர்களையும் அவர்கள் சம்மதத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வகுப்பின் நல்ல கதைகள் பலவற்றில் அவர்கள்தான் கதாநாயகர்கள். தனித் தலைப்பிட்டுக் கடைசியில் ஒதுக்காமல், பெயர் வரிசையிலேயே வைக்க வேண்டும். பிரதிகள் ஆளுக்கு இரண்டாக அச்சிட்டால் நல்லது, ஒன்றை எப்படியும் அத்தை வீட்டுக்காரர்கள் கொண்டுபோய்விடுவார்கள். மிச்சத்தில் ஒரு பிரதியைப் பள்ளி நூலகத்தில் பதிவு செய்து வையுங்கள். சிறிய ஊரில் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியில் தம்பியும் தங்கையும் அதே வகுப்புக்கு வந்துவிடுவார்கள். அண்ணனுக்கு எழுதிய அதே பேருந்து வேடிக்கையைத் தம்பிக்கும் எழுதாமலிருக்க, அடுத்த குழு அதைப் புரட்டிப் பார்த்தாக வேண்டும்.