பிள்ளைக்கு மனச்சோர்வா? 'செரோட்டோனின் குறைஞ்சிட்டுது' என்று மட்டும் நிற்காதீங்கோ

ஏ.எல். படிக்கிற பிள்ளை ரியூசனுக்குப் போகாமல் அறைக்குள்ளேயே கிடந்தால் யாழ்ப்பாணத்தில் இரண்டு கதைதான் வரும். ஒன்று, எல்லாம் போன் செய்த வேலை. மற்றது இப்ப யூடியூப் பார்த்து வந்தது: மூளையில் செரோட்டோனின், அதாவது நரம்புகளுக்கிடையே செய்தி கடத்துகிற ஒரு இரசாயனம், குறைஞ்சிட்டுதாம்.

இந்த இரண்டாவது கதை பெற்றோல் குறைந்தால் அடித்து நிரப்புகிற மாதிரி ஒரு நினைப்பைத் தருகிறது, அங்கேதான் சிக்கல். செரோட்டோனின் குறைவுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் வந்த பெரிய மீளாய்வு ஒன்று சொன்னது. டோபமைன், குளுட்டமேட் என்ற மற்ற மூளை இரசாயனங்கள், மன அழுத்தத்தில் ஏறும் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன், தூக்கம், பரம்பரை, வீட்டு நிலைமை எல்லாம் ஒன்றையொன்று இழுக்கும், அதுவும் முன்மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற வயதில். ஆகவே 'செரோட்டோனின் ரெஸ்ற்' எடுக்க லாப் லாபாக அலையாதீங்கோ. உடம்பிலுள்ள செரோட்டோனினில் பெரும்பங்கு குடலில்தான், இரத்தத்தில் அளந்து மூளையின் நிலையைச் சொல்ல ஏலாது.

அழுதால்தான் மனச்சோர்வு என்று பார்த்துக்கொண்டிருப்பதும் பிழை. இந்த வயதில் அது பலருக்கு எரிச்சலாகத்தான் வெளியே வரும். சிநேகிதர் படலையில் நின்று சைக்கிள் பெல் அடிக்க, கிரிக்கெட்டுக்கு முதல் ஆளாய் ஓடுகிற பொடியன் எழும்பாமல் கிடக்கிறான், அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் பாய்கிறான். விருப்பத்தையும் ஊக்கத்தையும் தருகிற டோபமைன் பாதை மந்தமாகிவிட்டால் பிடித்ததும் பிடிக்காது. அதைத் திமிர் என்று ஏசி என்ன பயன்? இரண்டு கிழமைக்கு மேல் இப்படியே போனால் வைத்தியரிடம் காட்டுங்கோ.

விடிய நாலு மணிக்கு எழுப்பிப் படிக்க வைக்கிற நம்ம ஊர்ப் பழக்கம் வேறு. பதின்ம வயதில் தூக்கத்துக்கு உடம்பைத் தயார்ப்படுத்துகிற மெலட்டோனின் ஹோர்மோன் இரவில் பிந்தித்தான் சுரக்கும், தேவையோ 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம். கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கோ.

அப்புறம் குளிசை. மனச்சோர்வுக்கு வைத்தியர் எழுதுகிற புளுவொக்செட்டீன் போன்றவை வேலை செய்யச் சில கிழமைகள் பிடிக்கும், பத்து நாளில் 'சரிவரேல்ல' என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். தொடங்கிய முதல் கிழமைகளில் சில பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இலேயே எச்சரித்தது, அதனால் அந்த நாட்களில் பிள்ளையைக் கவனித்துக்கொண்டே இருக்கவேணும். பெரியம்மாவுக்கு எழுதிய குளிசையை எடுத்துக் கொடுப்பது, தயவுசெய்து, வேண்டாம்.

'சாகவேணும் போல இருக்கா' என்று கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். கேட்பதால் வராது, நேராகவே கேளுங்கோ. ஓம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. இரவென்றாலும் இலங்கையின் மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம்.