ஏசி ரூம் டிப்ஸ், ஆனி மாதப் புழுக்கம்

மும்பைப் பக்கம் டோம்பிவிலியில் ஸ்லோ லோக்கல் ரயில் ஏறி, மாட்டுங்காவில் இறங்கி, கல்யாண மண்டபம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். லேடீஸ் கம்பார்ட்மென்ட் நெரிசல், வெளியே மழை, உள்ளே புழுக்கம். மேக்கப் வீடியோக்களோ ஏசி அறையில், ரிங் லைட் முன்னால், பத்து நிமிடம் நின்றால் போதும் என்று எடுப்பவை. அவற்றில் எவை இங்கே காலை வாரும், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் ஃபவுண்டேஷன், அதாவது முகம் முழுக்கப் பூசும் நிறக் கிரீம். புறங்கையில் தடவிப் பார்த்து வாங்கச் சொல்வார்கள். கை வெயிலில் கறுத்தது. அதன் நிறம் முகத்துக்கு ஒத்து வராது. கிராஃபோர்ட் மார்க்கெட் கடையானாலும் மாலானாலும் தாடை எலும்பின் மேல் மூன்று ஷேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கோடாக இழுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். சரும எண்ணெய் பட்டதும் பல ஃபவுண்டேஷன்கள் கொஞ்சம் கறுக்கும், அதனால் கால் மணி நேரம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோன கோடுதான் உங்கள் ஷேடு. அன்று காலை மஞ்சள் பூசிக் குளித்திருந்தால் கடைக்குப் போகாதீர்கள். கண்டிப்பாகத் தப்பான ஷேடுதான் கிடைக்கும்.

ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசுவது ப்ரைமர். ‘ப்ரைமர் போட்டால் நாள் முழுக்க நிற்கும்’ என்பது பாதி உண்மை. சிலிக்கோன் ப்ரைமர் மேல் தண்ணீர் அடிப்படையிலான ஃபவுண்டேஷன் போட்டால், தேய்க்கத் தேய்க்க அழுக்கு மாதிரி உருண்டு வரும். சன்ஸ்கிரீன் காய்வதற்குள் அவசரப்பட்டாலும் இதே கதி. பத்து நிமிடம் விடுங்கள். ப்ரைமரும் ஃபவுண்டேஷனும் ஜோடி சேருமா என்று தெரிய, இரண்டிலும் ஒரு சொட்டு எடுத்துப் புறங்கையில் கலக்குங்கள் (இதற்குப் புறங்கை போதும்). திரிந்த பால் மாதிரி பிரிந்தால் அந்த ஜோடி வேண்டாம். ஒத்துப்போனாலும் ப்ரைமர் மூக்கின் இரு பக்கம், நெற்றி நடுவில் மட்டும், பட்டாணியில் பாதி அளவு போதும்.

கண்ணுக்குக் கீழே இரண்டு ஷேடு வெளுப்பான கன்சீலரை (கறையை மறைக்கும் கிரீம்) முக்கோணமாகப் பூசும் டிப், நம் நிறத்தில் சாம்பல் பூத்ததுபோல் காட்டும். கருவளையத்தின் நீலமும் பழுப்பும் அடியிலிருந்து எட்டிப் பார்ப்பதுதான் காரணம். முதலில் ஆரஞ்சு கரெக்டர் (கருமையைச் சமன்செய்யும் நிறக் கிரீம்), ஒரு அரிசி அளவு, கறுப்பு உள்ள இடத்தில் மட்டும் மோதிர விரலால் ஒற்றுங்கள். அதன் மேல் உங்கள் நிறத்திலேயே கன்சீலர்.

அதற்கு மேல் பவுடரைக் குவித்து ஐந்து, பத்து நிமிடம் விடும் ‘பேக்கிங்’ மேடை விளக்குக்கு வேண்டுமானால் சரி. வியர்க்கும் முகத்தில் அது காய்ந்த ஏரி மண்போல வெடிக்கும். விரலால் சுருக்கத்தை நீவிவிட்டு, பஃபில் பவுடரைத் தேய்த்து உதறி, அழுத்தி ஒற்றினால் போதும். சிலிக்கா அதிகமுள்ள வெள்ளைப் பவுடர் என்றால் ஃபோட்டோகிராஃபரின் ஃபிளாஷில் மாவு பூசியதுபோல் தெரியும். கிளம்பும் முன் விளக்கை அணைத்து, போன் ஃபிளாஷில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

கண்மை வழிவதுதான் பெரிய தொல்லை. பென்சிலை ஃப்ரீசரில் வைக்கச் சொல்கிறார்கள். சீவ வசதியாக இருக்கும், அவ்வளவுதான். கண் சூட்டில் உடனே இளகிவிடும். தீக்குச்சியில் காட்டச் சொல்வது அதைவிட மோசம்: சுடவும் சுடும், மெழுகும் இளகும். மை இறங்குவது கீழிமையில் உள்ள எண்ணெயைப் பிடித்துக்கொண்டு. எனவே அன்று கண்ணுக்கடியில் கிரீம் வேண்டாம். இமையடியை டிஷ்யூவால் ஒற்றி, மெல்லிய பிரஷ்ஷால் துளி பவுடர் போடுங்கள். பிறகு மை எழுதி, அதிகப்படியை பட்ஸால் எடுங்கள். கடைசியாகக் கறுப்பு ஐஷேடோவை இமை முடியின் வேரில் அழுத்துங்கள். கண்ணுக்குள் ஈர விளிம்பில் வேண்டாம், உறுத்தும்.

செலோடேப் ஒட்டி ஐலைனர் வால் இழுப்பது இமை மடிந்து விழும் கண்ணுக்கு உதவாது. கண்ணைத் திறந்து, கண்ணாடியை நேரே பார்த்தபடியே வரையுங்கள். எலுமிச்சைச் சாறு, பருவுக்குப் பற்பசை, முகத்தில் ஹேர் ஸ்பிரே: மூன்றும் எரிச்சலைத்தான் தரும், தொடவே வேண்டாம்.

ரயிலிலிருந்து இறங்கியதும் வியர்வை மேல் பவுடர் போட்டால் திட்டுத்திட்டாகும். முதலில் டிஷ்யூவை அழுத்தி ஈரத்தை எடுங்கள், தேய்க்காதீர்கள். லிப்ஸ்டிக்கை டிபனுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மேட் லிப்ஸ்டிக் காபிக்குத் தாங்கும். வெண்பொங்கல் நெய்யும் வடை எண்ணெயும் பட்டால் உதட்டின் உள்பக்கம் கரைந்து வெளிவரம்பு மட்டும் நிற்கும். மிச்சத்தின் மேலேயே மறுபடி பூசினால் உதிரும். முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.